யாங்கோன் வட்ட ரயிலின் சிற்றுரு மாதிரி, 1:150 அளவு: சந்தை, வயல், தகரக்கூரை வேலைக்கு யோசனை வேண்டும்

கெமண்டைன்_150:

வணக்கம். 9 மி.மீ. பிளைவுட் பலகை, 6 அடிக்கு 2½ அடி. மேலே காட்டோ யூனிட்ராக் (ஜல்லிப் படுகையோடு வார்த்து வரும் மாதிரித் தண்டவாளம்) இரட்டைப் பாதை. வெளி வளைவின் ஆரம் 315 மி.மீ., உள் வளைவு 282. ஓடப்போவது டோமிக்ஸ் கம்பெனியின் கிஹா 40 (ஜப்பானிய டீசல் ரயில்), இரண்டு பெட்டி. தண்டவாளம் அடுக்கி, மின்சாரம் கொடுத்துப் பார்த்தாயிற்று. இன்னும் எதையும் ஒட்டவில்லை.

செய்ய நினைப்பது வட்டப் பாதையின் வடக்குப் பக்கம். ஒரு நீளப் பக்கத்தில் தனிங்கோன் மாதிரி நிலையம், நடைமேடையை ஒட்டிக் காய்கறிச் சந்தை. எதிர்ப்பக்கம் வயலும் நீர்க்கீரைப் பாத்தியும். மூலையில் தூங்குமூஞ்சி மரம், சின்னதாக ஒரு பயா (புத்த கோபுரம்). வளைவுக்கு உள்ளே தகரக்கூரை வீடுகள், நடுவில் ஓர் அம்மன் கோயில்.

எந்த வேலையை முதலில் எடுப்பது? கடைகளைத் தண்டவாளத்துக்கு எவ்வளவு கிட்டத்தில் வைக்கலாம்? தகரம் எதில் செய்வது? தண்ணீருக்கு ரெசினா, வார்னிஷா? அறையில் ஏசி கிடையாது. வைகாசி பிறந்தால் ஐப்பசி வரை சுவர் காய்வதே இல்லை. வண்டியும் தண்டவாளமும் தவிர மற்றதெல்லாம் இங்கே கடைத்தெருவில் கிடைப்பதாக இருந்தால் நல்லது.

இன்சின்_கேஜ்:

தம்பி, ஒட்டாமல் விட்டது நல்லதாப் போச்சு. முதல் வேலை தண்டவாளத்தைத் தூக்குவது. பிளைவுட் மேலேயே பாதை கிடந்தால் வயலும் பாதையும் ஒரே மட்டமாகிவிடும், என்ன புல் ஒட்டினாலும் பலகையாகத்தான் தெரியும். பாதைக்கு அடியில் 10 மி.மீ. கெட்டி ஃபோம் கொடுங்கள். 1:150-இல் அது ஒன்றரை மீட்டர் கரை. இரண்டு பாதைக்கும் நடுக்கோடுகளின் இடைவெளி 33, யூனிட்ராக்கின் அடி அகலம் 25, ஆக 58 மி.மீ.; கரையின் மேல் அகலம் 66 வைத்தால் இருபுறமும் கொஞ்சம் தோள் கிடைக்கும். சரிவு உயரத்துக்கு இரண்டு மடங்கு, அதாவது பக்கத்துக்கு 20. நிலையம் வரும் பக்கம் முழுவதுக்கும் அதே ஃபோமைப் பரப்பிவிடுங்கள். வயல் பக்கம் பிளைவுட் மட்டமே வயல் மட்டம்.

வெள்ளை மணித் தெர்மக்கோல் வேண்டாம். அறுத்தால் மணி உதிரும், எறும்பு குடியேறும். தெர்மக்கோல் வகை ஃபோம் எதுவானாலும் சூப்பர் குளூவும் ஸ்ப்ரே பெயின்டும் நேராகப் பட்டால் கரைந்துவிடும். மரப்பசையில் ஒட்டி, மேலே ஒரு கை எமல்ஷன் அடித்த பிறகுதான் மற்றது.

இடைவெளி விஷயத்தில் ஊகம் வேண்டாம். கிஹா 40-இன் நிஜ நீளம் 21.3 மீட்டர், உங்கள் அளவில் 142 மி.மீ. போகிகளின் (பெட்டிக்கு அடியில் உள்ள சக்கரச் சட்டங்களின்) நடுப்புள்ளிகளுக்கு இடையே சுமார் 96. பெட்டியின் அரை அகலம் பத்துக்குச் சற்றுக் குறைவு. 282 வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கம் 4 மி.மீ. தள்ளும், முனை வெளிப்பக்கம் 5 மி.மீ. தள்ளும். ஆகவே நடுக்கோட்டிலிருந்து உள்ளே 14, வெளியே 14.5 வரை பெட்டி வரும். வளைவில் எதையும் 16-க்குக் கிட்டே வைக்காதீர்கள். இரண்டு பாதைக்கும் நடுவே வளைவில் மிஞ்சுவது ஐந்தே மி.மீ.; அங்கே ஆள், கம்பம், கைகாட்டி எதுவும் கூடாது.

பலரும் கோட்டை விடுவது நடைமேடை தொடங்கும் இடத்தில். வளைவு முடிந்ததும் பெட்டி நேராகிவிடாது. பின் போகி வளைவை விட்டு வெளியே வரும்வரை முன்முனை வெளிப்பக்கம் ஆடிக்கொண்டேதான் இருக்கும். வளைவு முடியும் புள்ளியிலிருந்து 120 மி.மீ. தாண்டித்தான் நடைமேடை ஆரம்பிக்கலாம். உங்கள் நேர்ப்பாதை ஒரு மீட்டருக்கு மேல் வரும், இடத்துக்குப் பஞ்சமில்லை. நேர்ப்பாதையில் நடுக்கோட்டிலிருந்து நடைமேடை விளிம்பு 11, கடைக் கீற்றும் துணிப்பந்தலும் 12. அதற்குமேல் சந்தையை விலக்கினால் தனிங்கோன் களை வராது.

கணக்கை நம்பி ஒட்டிவிடாதீர்கள். பெட்டியின் நடுவிலும் இரு முனையிலும் பென்சில் ஈயத் துண்டை டேப் போட்டு ஒட்டி, காகிதம் விரித்த பலகையில் கையால் ஒரு சுற்றுத் தள்ளுங்கள். விழும் கோடுதான் எல்லை.

வரிசை: கம்பி இணைப்பு, கரை, தரைப் பூச்சு, ஜல்லி, நடைமேடை, புல், மரம், தண்ணீர், கடைசியில் ஆட்கள். கட்டடம் எதையும் ஒட்டாதீர்கள். தரையில் 2 மி.மீ. பள்ளம் விட்டு அதில் உட்கார வையுங்கள். மழைக்காலத்தில் எடுத்து டப்பாவில் போடலாம்.

9 மி.மீ. தண்டவாளம் 1:150-இல் 1,350 மி.மீ. ஆகிறது, நிஜமோ மீட்டர் கேஜ், 1,000 மி.மீ. அளவில் சுத்தம் பார்ப்பவர்கள் இதைவிடச் சிறிய இசட் அளவு மாதிரிகளின் 6.5 மி.மீ. தண்டவாளம் போட்டுப் போகியை மாற்றுவார்கள். புல்லையும் மண்ணையும் ஜல்லித் தோள்வரை ஏற்றிவிட்டால் அந்த அகலம் அவ்வளவாக உறுத்தாது. அந்தப் பாடு உங்களுக்கு இப்போது தேவையில்லை.

பெகு_தச்சன்:

பலகையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பிளைவுட்டின் மேல்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தால் கீழ்ப்பக்கம் ஈரம் குடித்து, ஆவணிக்குள் பலகை மேல்நோக்கி வளையும். மேல், கீழ், நான்கு வெட்டு விளிம்பு எல்லாவற்றுக்கும் சாண்டிங் சீலர் இரண்டு கை. அடியில் 2 அங்குலம் உயரத்துக்கு மரச்சட்டம், குறுக்குச்சட்டம் 16 அங்குலத்துக்கு ஒன்று. மேசைக் கால்களுக்கு அடியில் எண்ணெய்க் கிண்ணம். எறும்புக்கும் கரையானுக்கும் அதைவிட மலிவான பூட்டு கிடையாது.

பசை: கஞ்சிப்பசை, மைதாப்பசை இந்த வேலைக்குள் வரவே கூடாது. பூஞ்சை பிடிக்கும், கரப்பான் தின்னும். மரத்தூள், தேங்காய்நார், பாசி போன்ற இயற்கைப் பொருள்களைப் பயன்படுத்தும் முன் கேரம் பலகைக்குத் தூவும் போரிக் பவுடரை வெந்நீரில் கரைத்து (கால் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி) ஊறவைத்து வெயிலில் காய வையுங்கள். வெண்காரமும் பூச்சி தடுக்குமே என்று அதைப் பசையில் கலக்கிவிடாதீர்கள். வெள்ளைப் பசையில் வெண்காரம் பட்டால் சளி மாதிரி இழுத்துக்கொண்டு கட்டியாகிவிடும், ஒன்றும் ஒட்டாது.

ஈரக்காற்றில் இன்னும் இரண்டு தொல்லை. சூப்பர் குளூவின் ஆவி சன்னல் பிளாஸ்டிக்கில் வெள்ளைப் புகையாகப் படியும். கண்ணாடி வரும் இடத்தில் வெள்ளைப் பசைதான். ஸ்ப்ரே பெயின்டை மழைநாளில் அடித்தால் பால் படர்ந்த மாதிரி வெளுக்கும். நல்ல வெயில் ஏறிய பிறகு அடியுங்கள்.

ஜல்லி: நிஜக் கல் 4 முதல் 6 செ.மீ., உங்களுக்கு 0.3 – 0.4 மி.மீ. ஆற்றுமணலை டீ வடிகட்டியில் சலித்து, விழுந்ததை நைலான் காலுறையில் இன்னொரு தடவை சலியுங்கள். தூசி கீழே போகும், காலுறையில் தங்குவதுதான் நமக்கு. மூன்று தண்ணீர் கழுவுங்கள், உப்பு இருந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காய்ந்ததும் காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மணலுக்குள் துழாவினால் கருமணல் ஒட்டிக்கொண்டு வரும். அதை எடுக்காமல் விட்டால் மோட்டாரின் காந்தம் எடுத்துக்கொள்ளும், பல்சக்கரத்தோடு சேர்த்து அரைக்கும்.

யூனிட்ராக்கில் ஜல்லி வார்ப்பிலேயே இருப்பதால் கட்டைகளுக்கு நடுவே கொட்ட வேண்டாம். அதன் சாம்பல் நிறத்தை மங்கிய பழுப்புக் கழுவலால் (நீர்த்த பெயின்டால்) கொல்லுங்கள், மணல் இருபுறத் தோளில் மட்டும். தண்டவாளப் பக்கவாட்டுக்குத் துருநிறம். சக்கரம் ஓடும் தண்டவாளத் தலையை உடனே துடைத்துவிட வேண்டும். மணலை ஒட்ட வெள்ளைப்பசை ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. சொட்டும் முன் மணலின் மேல் சோப்புத்தண்ணீர் பனிபோலத் தெளிக்க வேண்டும், இல்லாவிட்டால் பசை முத்து முத்தாக உருண்டு மணலைப் பள்ளமாக்கும். இணைப்புகளின் மேல் டேப். பாயின்ட் (பாதை பிரியும் அமைப்பு) இருக்கும் இடத்தில் பசையே கூடாது, அதன் மோட்டார் அடியிலேயே இருக்கிறது. அங்கே நிறத்தோடு நிறுத்துங்கள்.

தகரடப்பா:

நெளிதகரத்துக்கு வருகிறேன். நிஜத் தகரத்தில் நெளிக்கு நெளி 76 மி.மீ. உங்கள் அளவில் அரை மி.மீ. எம்3 (3 மி.மீ. விட்டம்) திருகின் மரை இடைவெளியும் சரியாக அரை மி.மீ.தான்! 40 மி.மீ. நீளத்தில், தலைவரை மரை ஓடும் எம்3 திருகு ஒன்று வாங்குங்கள். சாப்பாடு கட்டும் அலுமினியத் தட்டின் அடித்தகட்டை ரப்பர் விரிப்பின் மேல் வைத்து, திருகை அழுத்தி ஒரே திசையில் உருட்டினால் நெளி விழும். சமையல் ஃபாயில் இதற்கு மெலிசு, கிழியும். மரை சுருளாக இருப்பதால் கோடு மூன்று டிகிரிபோலச் சாய்ந்து விழும். தகட்டின் விளிம்பைப் பார்த்து வெட்டாமல் கோட்டைப் பார்த்து வெட்டுங்கள். முன்னும் பின்னும் உருட்டினால் இரட்டைக் கோடு விழுந்து கெடும்.

ஒரு கூரையை ஒரே தகடாக மூடினால் பொம்மை வீடு. 8 அடித் தகரம் என்றால் 16 மி.மீ. நீளம், 5 மி.மீ. அகலம். துண்டு துண்டாக வெட்டி, கீழ்வரிசையிலிருந்து மேலே, ஒரு நெளி ஏற்றி ஒட்டுங்கள். ஐந்துக்கு ஒன்று கொஞ்சம் கோணல், ஒன்று புதுத்தகரமாகப் பளபளப்பு, ஒரு மூலையில் நீலத் தார்ப்பாய், அதை அமுக்க இரண்டு செங்கல்லும் ஒரு டயரும். டயருக்கு ஒயர் உறையைக் குறுக்கே சீவிய வளையம் போதும். அலுமினியத்தில் பெயின்ட் நிற்காது. முதலில் வினிகரில் துடைத்து உலோக பிரைமர் ஒரு கை. துருவுக்குச் செங்கல்பொடியும் காவிப்பொடியும் உலர்தூரிகையால் மேலிருந்து கீழே. துரு ஆரம்பிப்பது ஆணித்துளையிலும் தகரம் ஏறும் விளிம்பிலும்தான், நடுவில் அல்ல.

மூங்கில்தட்டிச் சுவருக்குப் பின்னல் செய்யப் போகாதீர்கள். 3 செ.மீ. மூங்கில் பட்டை உங்களுக்கு 0.2 மி.மீ., அது கண்ணுக்கு நிறமாகத்தான் தெரியும். தட்டியைப் படமெடுத்துச் சரியான அளவில் அச்சிட்டு 1 மி.மீ. அட்டையில் ஒட்டி, அட்டையின் இரண்டு பக்கமும் வார்னிஷ். ஒரு பக்கம் விட்டால் சுவர் சுருளும். ஓலைக்கூரைக்கு 3 மி.மீ. காகித நாடாவின் ஓரத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி, 1.5 மி.மீ. இடைவெளியில் வரிசை வரிசையாக.

காரைச்சுவர், நடைமேடை விளிம்பு, மதில் எல்லாவற்றிலும் மழைக்கறை முக்கியம். நீர்த்த கருப்பும் பாசிப்பச்சையும் கலந்து, சன்னல் முனையிலிருந்தும் தண்ணீர்க்குழாய் வாயிலிருந்தும் கீழே ஓட விடுங்கள். வெள்ளைச் சுவர் வெள்ளையாகவே நின்றால் அது யாங்கோன் இல்லை.

ஆட்கள் 11 மி.மீ. உயரம். கடையில் வரும் ஐரோப்பிய உருவங்கள் 1:160, சற்றுக் குள்ளம், பரவாயில்லை. கால்சட்டைக் கால்களுக்கு நடுவே கெட்டி வெள்ளைப்பசை அல்லது எபாக்ஸிப் புட்டி நிரப்பினால் லுங்கி தயார். தலைக்கூடைக்குக் கடுகளவு புட்டியை ஊசிமுனையால் குழித்துக்கொள்ளுங்கள். பிக்குகளுக்குக் கருஞ்சிவப்பு, சயலேக்களுக்கு (பெண் துறவிகளுக்கு) ரோஜாநிறம். சந்தைக்கு ஐம்பது உருவம் கேட்கும் என்று பயப்பட வேண்டாம். பந்தலுக்குக் கீழே பாதிப்பேர் மறைவார்கள், அங்கே புட்டி உருண்டை போதும்.

கெமண்டைன்_150:

எல்லாருக்கும் நன்றி அண்ணே. எம்3 திருகு உருட்டிப் பார்த்தேன், அப்படியே விழுகிறது. தண்ணீர்தான் பாக்கி. கடையில் இரண்டு பாட்டில் எபாக்ஸி ரெசின் கிடைக்கிறது, கண்ணாடிபோல நிற்கும் என்கிறார்கள். வயலுக்கும் அதையே ஊற்றலாமா? நாற்று வரிசையை எப்படிக் கொண்டுவருவது? கோயிலுக்கும் பயாவுக்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

மோல்மீன்_அலை:

கண்ணாடித் தண்ணீர் மலை ஓடைக்குத்தான் பொருந்தும். வயல் தண்ணீர் கலங்கல், அதற்கு ஆழமே தேவையில்லை. பிளைவுட் மட்டத்தில் புட்டி பூசிச் சமன் செய்து, ஓரம் வெளிர் மண்நிறம், நடு கரும்பழுப்பு என்று ஈரத்திலேயே கலந்து பூசுங்கள். மேலே தண்ணீர்ச் சேர்மான பளபள வார்னிஷ் நான்கு கை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. ஒரே தடவையில் தடியாகப் பூசினால் உள்ளே பால்நிறம் தங்கிவிடும்.

எபாக்ஸியை ஊற்றியே தீருவேன் என்றால் தை, மாசியில். ஈரக்காற்றில் அதன் மேலே பிசுபிசுவென்று மங்கல் படலம் வரும். வெதுவெதுப்பான சோப்புத்தண்ணீரில் துடைத்தால் போகும், பளபளப்பு மட்டும் பழையபடி இருக்காது. ஒரு கைக்கு 2 – 3 மி.மீ.க்கு மேல் போனால் சூடேறி ஃபோமை உருக்கும். பலகையில் ஊசித்துளை இருந்தாலும் ராத்திரியோடு ராத்திரியாகக் கீழே வடிந்துவிடும்.

வரப்பு: நிஜத்தில் அரை மீட்டர், உங்களுக்கு 3 மி.மீ. சணல்கயிற்றைப் பசையில் தோய்த்து வளைத்து ஒட்டி, புட்டி தடவுங்கள். நேர்க்கோடாக வேண்டாம்.

நாற்றுக்கு வழி கொசுவலை. அதன் கண் ஏறக்குறைய ஒன்றரை மி.மீ., நாற்றுக்கு நாற்று உள்ள இடைவெளிக்குச் சரியாக வரும். வார்னிஷ் நன்றாகக் காய்ந்த வயலின்மேல் வலையை விறைப்பாகப் பிடித்து, கெட்டி வெள்ளைப்பசையைப் பஞ்சுத்துண்டால் லேசாக ஒற்றுங்கள். வலையை நேர்மேலே தூக்கினால் பசைப்புள்ளி வரிசையாக நிற்கும். மேலே பச்சைச் சாயம் ஏற்றி 3 மி.மீ. அளவில் நறுக்கிய சணல்நூல். அது நிமிர்ந்து நிற்க மின்கொசுமட்டையின் உயர் மின்னழுத்தம் வேண்டும். ஒரு முனை நூலைப் போட்டுச் சலிக்கும் உலோகச் சல்லடைக்கு, மறுமுனை பசைக்குப் பக்கத்தில் அடித்த ஆணிக்கு. தண்டவாளத்திலிருந்து மின் இணைப்பைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். மட்டையை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் ஷாக் அடிக்கும், இரண்டு முனையையும் தொட வைத்துவிட்டுக் கையை வையுங்கள். நூல் ஈரமாக இருந்தால் கொத்தாக விழும். பல்பு வெளிச்சத்தில் காயவைத்துப் போடுங்கள்.

நீர்க்கீரைப் பாத்திக்கு வரிசை வேண்டாம். அரைத்த ஸ்பாஞ்சுத் தூளை அடர்பச்சையில் திட்டுத்திட்டாகத் தூவினால் சரி.

மரமெல்லாம் முடித்து மங்கல் வார்னிஷ் தெளித்த பிறகே தண்ணீர்ப் பளபளப்பைத் தொடுங்கள். முன்னாலேயே செய்தால் அந்தத் தெளிப்பு பட்டு வயல் சிமென்ட் தரை ஆகிவிடும்.

பெகு_தச்சன்:

வயலுக்கு வார்னிஷ் சரி. ஆனால் கோயில் குளமோ கிணறோ வந்தால் ரெசின்தான், 30 மி.மீ. அகலத்துக்குள் ஆழம் தெரிய வேறு வழி கிடையாது.

தூங்குமூஞ்சிக்கு ஒரு வார்த்தை. எல்லாரும் அதை உருண்டையாகச் செய்கிறார்கள். அது குடை: 15 செ.மீ. உயரம் என்றால் விரிவு 20. அறுபது செம்புக் கம்பி இழையை அடியில் மூன்று செ.மீ. முறுக்கி, ஐந்து கிளையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கிட்டத்தட்ட கிடையாகவே கொண்டுபோங்கள். இலையை மேல்தட்டில் மட்டும் வையுங்கள், கீழிருந்து பார்த்தால் கிளை தெரிய வேண்டும். பலகையில் அது ஒன்றுதான் உயரமான பொருள். நடுவில் வைத்தால் ரயிலை மறைக்கும். பின்மூலைதான் அதன் இடம்.

தகரடப்பா:

கோயிலுக்கு ராஜகோபுரம் வேண்டாம். அனவ்ரதா சாலைக் காளி கோயில் 1871-இல் நம்மவர்கள் கட்டியது, அதைப் பார்த்துக்கொண்டே குடியிருப்புக் கோயிலைச் செய்தால் அளவு மீறும். மூன்றுநிலை விமானம், மொத்தம் 50 மி.மீ. போதும். 1 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் நிலைக்கு நிலை 4 மி.மீ. குறையும் பெட்டிகள். சிலை வரிசையை ஒவ்வொன்றாகச் செதுக்க வேண்டியதில்லை: எபாக்ஸிப் புட்டியில் 4 மி.மீ. உயர உருவம் ஆறு மட்டும் ஒரு பட்டையில் செய்துகொள்ளுங்கள். வினிகர் வாசனை வரும் சிலிக்கான் சீலன்டில் சோளமாவு பிசைந்து, பட்டைக்குச் சோப்புத்தண்ணீர் தடவி மேலே அமுக்கினால் சீக்கிரம் இறுகி அச்சாகும். அதில் புட்டி அடைத்து வேண்டிய பட்டை எடுக்கலாம். மாவு அதிகமானால் அச்சு பொடிந்துவிடும், சீலன்டுக்குச் சமஅளவோடு நிறுத்துங்கள். வண்ணம் பூசும்போது முகம், கை என்று போகாமல் சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் புள்ளிபுள்ளியாக வைத்து, நீர்த்த பழுப்பு ஒரு கழுவல். மதிலுக்குக் காவியும் வெள்ளையும் பட்டைக்கு 2.5 மி.மீ.

பயாவுக்கு மரத்துண்டைத் துரப்பணத்தில் மாட்டிச் சுற்றவிட்டு உப்புத்தாளால் மணி வடிவம் கொண்டுவாருங்கள். உச்சியில் வரும் டீக்கு (குடைக்கு) எம்2 வாஷர் இரண்டு, மேலே ஊசிமுனை. தங்கநிறப் பெயின்ட் வாங்காதீர்கள். அது பெரும்பாலும் பித்தளைப்பொடி, ஒரு மழைக்காலத்தில் கறுத்துப் பச்சை பூக்கும். பயா வாசலில் விற்கிற தங்கரேக்கே போதும், அது கறுக்காது. செங்காவி அடிப்பூச்சு, அதன்மேல் நீர்த்த வெள்ளைப்பசை. பசை தெளிந்து கையில் இழுக்கும் பக்குவத்தில் ரேக்கை வைத்து மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். பசை ஈரமாக இருக்கும்போதே வைத்தால் ரேக் மூழ்கிச் சுருங்கிவிடும். அந்த வேலைக்கு மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.